பழைய ஜே.சி.பி.யின் கை ஓய்ந்தால்

கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களைக் கடந்து மேற்கே மலையேறுவோர், கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் முதன்முதலாகக் கால் வைக்கும் ஊர் கம்பம்மெட்டு. கீழே வெயில் காயும் போதே மேலே மூடுபனி இறங்கியிருக்கும். ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்லும் தமிழ்த் தொழிலாளர்கள் விடியற்காலையில் ஜீப்புகளில் இம்மலைப்பாதை வழியே ஏறி, மாலையில் இறங்குவர். பாதையோரம் மண் சரிந்தால் அன்றைய கூலி இல்லை, ஏலக்காய் இறங்காது, நோயாளி இறங்க முடியாது. அந்த மண்ணை அள்ளி வழி திறப்பது, முன்னே அள்ளும் வாளியும் பின்னே தோண்டும் கையும் உடைய ஒரு மஞ்சள் நிற இயந்திரம். எந்தக் கம்பெனி செய்திருந்தாலும் மக்கள் அதனை ஜே.சி.பி. என்றே அழைக்கின்றனர்.

நேயர்களே, சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடி மாதத்தில் அத்தகைய இயந்திரம் ஒன்று இப்பகுதியில் கை ஓய்ந்து நிற்கக் கண்டேன். ஏறத்தாழ இருபது வயதான வண்டி. அதன் உதிரி உறுப்புகள் செய்து தருவாரிடம் இப்போது இல்லை. கையேடு எப்போதோ தொலைந்து விட்டது. நோய்க்குறியோ விந்தையானது. காலையில் எஞ்சினை இயக்கினால் முதல் பத்து நிமிடம் நன்றாக வேலை செய்யும். பிறகு பம்பிலிருந்து ஒரு கீச்சொலி எழும். வாளி தூக்க மாட்டாமல் தளரும். அரைமணி நேரம் நிறுத்தி வைத்து மீண்டும் இயக்கினால் பழைய வலிமை வந்துவிடும். பத்து நிமிடத்தில் மறுபடியும் போய்விடும். பார்க்க வந்த இருவரும் "பம்ப் போய்விட்டது" என்றனர். புதிய பம்பின் விலையோ, வண்டியை விற்றால் கிடைக்கக்கூடிய தொகையில் நாலில் ஒரு பங்கு. உரிமையாளர் வீட்டு நகை ஏற்கெனவே அடகில் இருந்தது. பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா என்று அவர் எண்ணிக்கொண்டிருந்தார். அந்த வண்டியின் நோய் என்னவென்று சற்றுப் பின்னர்க் கூறுகிறேன்.

இது ஒருவருடைய நட்டம் மட்டுமன்று. 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவில், இதே இடுக்கி மாவட்டத்தில், மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பை மூடியது. எழுபது உயிர்கள் மாண்டன. அவர்களுள் பெரும்பாலோர் தமிழர். மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போனமையால் மறுநாள் காலையிலேதான் செய்தி வெளியுலகை எட்டியது. மலைநாட்டில் மண் வாரும் இயந்திரம் அண்மையில் இருப்பதும், அது கையைத் தூக்கும் நிலையில் இருப்பதும் எத்தகைய வேற்றுமையை உண்டாக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஜே.சி.பி. என்னும் பெயர் ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு என்னும் ஆங்கிலேயரின் முதலெழுத்துகள். 1945ஆம் ஆண்டில், பழைய வெல்டிங் கருவி ஒன்றை ஒரு பவுனுக்கு வாங்கி, போர்க்காலத்து எஞ்சிய இரும்பைக் கொண்டு ஒரு வண்டி செய்து விற்றுத் தம் தொழிலைத் தொடங்கியவர் அவர். கழிவிரும்பில் பிறந்த குலம் என்பதை, தம் பழைய வண்டியைக் கண்டு நாணுவோர் நினைவிற் கொள்ளலாம். முன்வாளியையும் பின்கையையும் ஒரே வண்டியில் இணைத்து அவர் 1953இல் வெளியிட்டார். நம் நாட்டில் 1979இல் எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தோடு கூட்டாக, ஹரியானா மாநிலத்துப் பல்லப்கரில் இதன் உற்பத்தி தொடங்கியது. பின்னர் வேறு பலரும் இத்துறையில் இறங்கினர். சென்னைக்கு வடக்கே கும்மிடிப்பூண்டியில் அசோக் லேலண்டும் ஜான் டீரும் கூட்டாகச் செய்த இயந்திரம் 2011இல் சந்தைக்கு வந்தது. அந்தக் கூட்டு நீடிக்கவில்லை. இவ்வாறு கூட்டுகள் கலையும்; மாதிரிகள் மாறும்; கிடங்குகள் ஒழியும். மலையில் வண்டி மட்டும் உழைத்துக்கொண்டே இருக்கும். பழுது பார்க்கும் உரிமையை வலியுறுத்தி 2022 டிசம்பரில் மத்திய அரசு ஓர் இணையவாயிலைத் திறந்தது. வேளாண் கருவிகளும் மோட்டார் வாகனங்களும் அதில் இடம்பெற்றன. ஆனால் கையேடே இல்லாத பழைய வண்டிக்குத் துணை, அதன் உரிமையாளரின் அறிவேயாகும்.

அந்த அறிவைப் பெறுவது அரிதன்று. மூடிய பாத்திரத்தில் உள்ள திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அவ்வழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே அளவாகப் பரவும் என்று பிரெஞ்சு நாட்டு அறிஞர் பாஸ்கல் பதினேழாம் நூற்றாண்டில் கண்டார். ஹைட்ராலிக் இயந்திரம் முழுவதும் இவ்வொரு விதியின்மேல் நிற்பது. தொட்டியிலிருந்து எண்ணெய் ஒரு வடிகட்டி வழியே பம்புக்கு வருகிறது. எஞ்சின் சுழற்றும் பம்ப் அதனைக் கன்ட்ரோல் வால்வுக்குத் தள்ளுகிறது. ஆபரேட்டர் லீவரை அசைத்தால், வால்வினுள் இருக்கும் ஸ்பூல் என்னும் தண்டு நகர்ந்து, வேண்டிய சிலிண்டருக்கு வழி திறக்கிறது. அங்கே எண்ணெய் பிஸ்டனைத் தள்ளுகிறது, கை எழுகிறது. வேலை முடிந்த எண்ணெய் வேறொரு வடிகட்டி வழியே தொட்டிக்குத் திரும்புகிறது. அழுத்தம் அளவு கடந்தால் எண்ணெயைத் தொட்டிக்குத் திருப்பிவிட ரிலீஃப் வால்வு ஒன்று காவல் நிற்கிறது. இவ்வளவே.

இதில் எழும் வலிமையைக் கணக்கிட்டுப் பாருங்கள். கார்ச் சக்கரத்தில் நாம் அடைக்கும் காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 2 பார். இவ்வியந்திரங்களில் எண்ணெய் அழுத்தம் 200 பார் அளவில் இருக்கும். அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ. பத்து சென்டிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டனின் பரப்பு 78 சதுர சென்டிமீட்டர். ஆகவே அது தள்ளும் விசை பதினைந்து டன்னுக்கும் மேல். இந்த எண்ணிக்கையை மறவாதவர் கையில் ஸ்பானரை எடுக்குமுன் ஒருமுறை யோசிப்பார்.

யோசிக்க வேண்டியவை சில உள. முதலில் வாளியையும் கையையும் தரையில் இறக்கி வைத்து, எஞ்சினை நிறுத்தி, லீவர்கள் எல்லாவற்றையும் முன்னும் பின்னும் அசைத்து, உள்ளே தங்கிய அழுத்தத்தைப் போக்க வேண்டும். உயர்த்திய கையின் கீழ், அதற்கென அமைந்த இரும்பு முட்டுச் சட்டம் இல்லாமல், ஒரு கணமும் நிற்கலாகாது. இவற்றினும் கொடியது ஒன்று உண்டு. ஹோஸில் ஊசித்துளை அளவு ஓட்டை விழுந்தால், அதன்வழி பீறும் எண்ணெய் கண்ணுக்குப் புலப்படாது. ஒழுக்கு எங்கே என்று விரலால் தடவிப் பார்ப்பவர் தோலை அது துளைத்து உட்புகும். காயம் முள் குத்தியது போலத் தோன்றும். வலியும் முதலில் பெரிதாக இராது. ஆனால் உள்ளே சதை அழியத் தொடங்கும். சில மணி நேரத்துக்குள் அறுவை செய்து எண்ணெயை அகற்றாவிடில் விரலையோ கையையோ இழக்க நேரும். ஒழுக்கைத் தேடுவதற்கு ஓர் அட்டைத் துண்டை நீட்டிப் பார்த்தல் வேண்டும். தப்பித்தவறி இவ்விபத்து நேர்ந்தால், களிம்பு தடவிக்கொண்டு காத்திராமல், உடனே தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற அறுவை வசதி உள்ள இடத்துக்கு விரைந்து, "உயர் அழுத்த எண்ணெய் உள்ளே பாய்ந்தது" என்று டாக்டரிடம் தெளிவாகக் கூற வேண்டும். கூறாவிடில் அவரும் அதனை முள் குத்தியதாகவே கருதக்கூடும்.

இனி நோயை ஆராய்வோம். உரிமையாளர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: எல்லா அசைவுகளும் தளர்ந்தனவா, ஒன்று மட்டும் தளர்ந்ததா? எல்லாம் தளர்ந்திருந்தால், எல்லாவற்றுக்கும் பொதுவான உறுப்பிலே கோளாறு: எண்ணெய், உறிஞ்சு குழாய், பம்ப், முதன்மை ரிலீஃப் வால்வு. ஒன்று மட்டுமே தளர்ந்திருந்தால் பம்பைக் குற்றம் சொல்வதில் பொருளில்லை. பம்ப் ஓர் அசைவுக்கு மட்டும் வஞ்சனை செய்யாது. ஒரு வீட்டில் எல்லா விளக்கும் அணைந்தால் பியூஸைப் பார்க்கிறோம். ஒரு விளக்கு அணைந்தால் பல்பைப் பார்க்கிறோம். இவ்வளவு எளிய பகுப்பைச் செய்யாமல் வீணாக வாங்கப்பட்ட பம்புகள் எத்தனையோ!

இரண்டாம் கேள்வி: வண்டி வேகத்தை இழந்ததா, வலிமையை இழந்ததா? இவ்விரண்டும் ஒன்று போலத் தோன்றினும் வேறானவை. எண்ணெயின் ஓட்டம் வேகத்தைத் தருகிறது. அழுத்தம் வலிமையைத் தருகிறது. வெறும் வாளி சுறுசுறுப்பாக எழுந்து, மண் நிறைந்தவுடன் நின்று விடுமாயின், ஓட்டம் உண்டு, அழுத்தம் இல்லை. ரிலீஃப் வால்வின்மேல் ஐயம் கொள்ளலாம். வெறும் வாளியே சோம்பி எழுமாயின், ஓட்டம் குறைந்தது. உறிஞ்சு பக்கத்தையும் பம்பையும் பார்க்க வேண்டும். ஒரு சிலிண்டரை அதன் கடைக்கோடி வரை நீட்டி, லீவரை மேலும் இரண்டு மூன்று விநாடி மட்டும் பிடித்துப் பாருங்கள். நல்ல வண்டியானால் எஞ்சின் சுமையை உணர்ந்து முனகும். முனகாவிடில் அழுத்தம் ஏறவில்லை என்பது வெளிப்படை. நெடுநேரம் பிடித்தால் எண்ணெய் கொதிக்கும்; ஆகவே இரண்டு மூன்று விநாடிக்கு மேல் வேண்டா.

மூன்றாம் கேள்வி: காலையில் நோயா, சூடேறிய பின் நோயா? சூடேறியபின் எண்ணெய் இளகும். தேய்ந்த பம்பின் பற்களுக்கும் உறைக்கும் இடையே அது எளிதில் பின்னே வழியும். குளிரில் நன்றாகவும் வெயிலில் மோசமாகவும் படிப்படியாகத் தளரும் வண்டி பெரும்பாலும் தேய்ந்த வண்டியே. இந்த இடத்தில்தான் அந்த ஆடிமாத வண்டிக்குத் திரும்புகிறோம்.

அதுவும் சூடேறிய பின்னரே தளர்ந்தது. ஆதலால் இருவரும் பம்ப் என்றனர். ஆனால் அரைமணி ஓய்வில் எண்ணெய் அதிகம் ஆறுவதில்லை. பத்து நிமிடத்தில் அது கொதிப்பதுமில்லை. தேய்ந்த உலோகம் ஓய்வெடுத்தால் வளருமா? அன்றியும் அந்தக் கீச்சொலி, பம்புக்குக் குடிக்க எண்ணெய் கிடைக்காத போது எழும் பட்டினிக் குரல். எண்ணெய் போதாமல் பம்பினுள் வெற்றிடக் குமிழிகள் தோன்றி உடைவதால் வரும் ஒலி அது. ஆகவே தொட்டியை வடித்தோம். அடியில் உள்ள வடிகட்டியின் அருகே, உள்ளங்கை அகலத்தில் ஒரு பழந்துணி கிடந்தது. முன்பு தொட்டியைத் துடைத்த எவரோ விட்ட துணி. எஞ்சின் ஓடும்போது அது உறிஞ்சப்பட்டு வடிகட்டியின் மேல் மெல்லப் படிந்து வாயை மூடும். நிறுத்தினால் நழுவி அடியில் விழும். வடிகட்டியை டீசலில் கழுவி உலர்த்தி, புதிய எண்ணெயை வடிகட்டி ஊற்றினோம். கை எழுந்தது. பம்ப் சற்றுத் தேய்ந்திருந்தது உண்மைதான். எனினும் அதே பம்ப் அதன்பின் இரண்டு மழைக்காலம் உழைத்தது.

வடிகட்டி தூய்மையாக இருந்தும் பட்டினிக் குரல் வந்தால், உறிஞ்சு ஹோஸைப் பாருங்கள். பழைய ரப்பர்க் குழாயின் உட்புறத் தோல் பெயர்ந்து நாக்குப் போலத் தொங்கி வழியடைப்பதுண்டு. வெளியே பார்த்தால் புதிது போல இருக்கும். பட்டை தளர்ந்து காற்றை இழுத்தால் தொட்டியில் எண்ணெய் நுரைக்கும். உறிஞ்சு பக்கத்தில் ஒழுக்கு வெளியே சொட்டாது. காற்றுத்தான் உள்ளே போகும். இணைப்புகளின் மேல் சிறிது எண்ணெய் தடவிப் பார்க்க, ஒலி மாறும் இடமே ஓட்டை.

எண்ணெயின் நிறமும் பேசும். நுரை சிறிது நேரத்தில் அடங்கினால் அது காற்று. மோர் போல வெளுத்து, ஓரிரவு வைத்தும் தெளியாவிடில் அது தண்ணீர். மூடுபனியும் நீண்ட மழையும் உள்ள இம்மலையில், தொட்டி மூடியின் ரப்பர் வளையம் பழுதானாலே தண்ணீர் இறங்கும். எண்ணெய் வரும் பீப்பாயை மழையில் நிமிர்த்தி வைப்பதும் காரணமாகும். குளிர்ந்த பீப்பாய் தன் தலைமேல் தேங்கிய நீரை மூடியின் வழியே உறிஞ்சிக்கொள்ளும். சாய்த்துப் படுக்க வைக்க வேண்டும். கருகிய நாற்றமுள்ள எண்ணெய், அளவு மீறிச் சூடேறியது. கூலரின் இறகுகளில் ஏலத்தோட்டத்துச் செம்மண் அப்பியிருக்கிறதா என்று நோக்குக. எண்ணெயில் வெள்ளிப்பொடி மின்னினால் பம்ப் தன்னையே தின்கிறது. அப்போது பம்பை மாற்றுவதோடு நில்லாமல், அந்தப் பொடி பரவிய குழாய்களையும் வால்வையும் கழுவாவிடில் புதிய பம்பும் விரைவில் பழையதாகும்.

ரிலீஃப் வால்வைப் பற்றிச் சற்றுக் கடுமையாகவே கூற வேண்டியிருக்கிறது. வலிமை குறைந்தால் அதன் திருகை ஒரு சுற்று இறுக்கிவிடும் பழக்கம் பட்டறைகளில் பரவியிருக்கிறது. பிரஷர் கேஜ் பொருத்தாமல் அதனைத் தொடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு மருந்து கொடுப்பது போன்றது. வால்வின் ஆசனத்தில் ஒரு மணற்பொடி சிக்கியிருக்கலாம், சுருள்வில் முறிந்திருக்கலாம். கழற்றிக் கழுவினாலே பெரும்பாலும் சரியாகும். கழற்றுமுன் திருகின் நிலையை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். நோய் பம்பில் இருக்க, திருகை இறுக்கினால், ஏதோ ஒருநாள் எண்ணெய் குளிர்ந்திருக்கும் காலையில் அழுத்தம் அளவுகடந்து ஏறி ஹோஸ் வெடிக்கும். அல்லது கையின் வெல்டிங் பிளக்கும். ஆயிரங்களில் புரளும் தொழிலில் ஒரு கேஜ் வாங்கப் பலர் தயங்குவது எனக்கு இன்றளவும் விளங்காத புதிர்.

ஒரே அசைவு தளர்ந்திருந்தால் வழி இன்னும் எளிது. வெளியே ஒழுக்கு உண்டா என்று பார்த்தபின், அவ்வசைவுக்குரிய சிறிய ரிலீஃப் வால்வை, அதே அளவு எண் பொறித்த இன்னொரு பகுதியின் வால்வோடு இடம் மாற்றிப் பாருங்கள். நோயும் கூடவே இடம் மாறினால் குற்றவாளி அகப்பட்டான். மாறாவிடில் சிலிண்டரின் சீலையோ ஸ்பூலையோ ஐயுற வேண்டும். இவற்றைப் பிரித்தறியும் முறை வருமாறு: வாளியைத் தரையில் வைத்த நிலையில், ஐயத்துக்குரிய சிலிண்டரின் தண்டை முழுவதும் நீட்டி, எஞ்சினை நிறுத்தி அழுத்தம் போக்கி, தண்டுப் பக்கத்து ஹோஸைக் கழற்றுக. ஹோஸின் வாயை உயர் அழுத்தம் தாங்கும் இரும்பு மூடியால் அடைத்து, சிலிண்டரின் வாயைத் திறந்து விடுக. எல்லோரும் விலகி நிற்க, எஞ்சினை மெதுவாக ஓட்டி, தண்டை மேலும் நீட்டும் பக்கம் லீவரைத் தள்ளுக. திறந்த வாயில் முதலில் சிறிது எண்ணெய் வந்து நின்றுவிட்டால் சீல் நன்று. ஓயாமல் ஓடினால் பிஸ்டனின் சீல் கெட்டது. முன்வாளியின் தூக்கும் கைகளுக்கு மட்டும் இச்சோதனையைச் சாலையோரத்தில் செய்யலாகாது. தண்டு நீண்டால் கை தலைக்குமேல் நிற்குமாதலால் அது பட்டறைக்குரிய வேலை.

கம்பெனியின் சீல் கிட் கிடைக்காது என்று மனந்தளர வேண்டியதில்லை. சீல் என்பது அளவே அன்றிப் பெயரன்று. பழைய சீல் ஊறிப் பருத்திருக்கும். அதனை அளந்தால் ஏமாறுவோம். அது உட்காரும் பள்ளத்தின் அகலத்தையும் ஆழத்தையும், தண்டின் விட்டத்தையும் வெர்னியரால் அளந்து கோயம்புத்தூர் போன்ற தொழில் நகரத்துக் கடைகளில் கேட்டால் அளவுக்கேற்ற சீல் கிடைக்கும். பிரிட்டிஷ் வழிவந்த பழைய இயந்திரங்களில் அங்குல அளவு மரைகள் பல உண்டு. மில்லிமீட்டர் மரையை அதில் வலிந்து திருகினால் இரண்டும் கெடும். தண்டின் குரோமியப் பூச்சில் நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் சிக்கும் கீறல் இருந்தால், புதிய சீல் சில வாரங்களில் அறுந்துவிடும். தண்டுக்கு மறுபூச்சு இட்டபின்னரே சீல் மாற்றுவது முறை. பம்பே மாற்ற நேர்ந்தால், ஒரு சுற்றுக்கு எத்தனை கன சென்டிமீட்டர், எந்தப் பக்கம் சுழல்வது, தண்டின் பற்கள் எத்தனை, பொருத்தும் தட்டின் துளை இடைவெளி எவ்வளவு என்னும் நான்கும் ஒத்தால் வேறு கம்பெனியாரின் பம்பும் பொருந்தும். சுழலும் பக்கம் மாறிய பம்ப், பொருத்திய சில நிமிடங்களில் தன் சீலை உதறிவிடும்.

பழைய வண்டிக்கு ஒரு நற்பேறு உண்டு. 2021 ஏப்ரலுக்குப் பின் நம் நாட்டில் இத்தகைய வண்டிகளின் புகைக்கு விதித்த கடுமையான அளவுகளால், புதியவற்றின் எஞ்சின்களில் மின்னணுக் கட்டுப்பாடு பெருகியது. அவற்றின் நோயைக் கணினி கொண்டே வினவ வேண்டும். பழையதோ கண்ணுக்கும் காதுக்கும் விடை சொல்லும்.

வேலை முடிந்தபின், புதிய பம்பின் வயிற்றில் எண்ணெய் ஊற்றிய பிறகே எஞ்சினை இயக்க வேண்டும். வறண்டு ஓடும் ஒரு நிமிடமே அதனைக் கெடுக்கப் போதும். பின்பு மெதுவான ஓட்டத்தில், சுமையின்றி, ஒவ்வொரு சிலிண்டரையும் கடைக்கோடி வரை பலமுறை நீட்டி மடக்கிக் காற்றை வெளியேற்றி, எண்ணெய் அளவை மீண்டும் பார்க்க வேண்டும். கேஜ் காட்டிய அழுத்தம், வெறும் வாளி அடியிலிருந்து முடி வரை எழ எடுத்த விநாடிகள், தேதி, ஓடிய மணி நேரம் ஆகியவற்றை எழுதி வைப்பது தொலைந்த கையேட்டுக்கு ஈடாகும். அந்த உரிமையாளர் அவற்றைத் தம் வண்டிக் கதவின் உட்புறத்தில் பெயின்டால் எழுதி வைத்தார். அவற்றுக்குக் கீழே, தொட்டியைத் துடைக்க எடுத்த துணிகள் மூன்று, திரும்ப வந்தவை மூன்று என்றும் ஒரு வரி சேர்த்திருந்தார்.